வேலை போன பிறகும் பழைய சம்பளக் கணக்கா? அமெரிக்கக் கல்லூரி நிதியுதவியும் அப்பீலும்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் கடைசி வருடம் படிக்கிற பிள்ளை இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரே பேச்சுதான்: "எய்ட் லெட்டர் வந்துவிட்டதா? எவ்வளவு கொடுத்தார்கள்?" எய்ட் லெட்டர் என்பது எவ்வளவு நிதியுதவி தருவோம் என்று கல்லூரி அனுப்பும் கடிதம். இந்தப் பேச்சைத் தொடர்ந்து இரண்டு வகை அறிவுரை வரும். "அப்பீல் போடுங்கள், கேட்டால் கூட்டிக் கொடுப்பார்கள்" என்பார் ஒருவர். "நம்ம சம்பளத்துக்கு ஒன்றும் தேறாது, மெனக்கெடாதீர்கள்" என்பார் இன்னொருவர். வருமானம் உண்மையிலேயே சரிந்துவிட்ட குடும்பத்துக்கு இந்த இரண்டு அறிவுரையும் கெடுதல். முதலாவதை நம்பியவர்கள் ஆதாரம் எதுவும் வைக்காமல் உருக்கமாக ஒரு கடிதம் அனுப்பி, மறுப்பு வாங்கி, அத்துடன் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் கேட்பதே இல்லை.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அது எப்படி இயங்குகிறது, எதுவரை உதவும், எங்கே நின்றுவிடும் என்று அடியிலிருந்து பார்ப்போம். முன்பின் எதுவும் தெரியாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

## எந்த வருடத்துச் சம்பளம்?

அரசு நிதியுதவி கேட்கும் ஒவ்வொரு மாணவரும் ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். அமெரிக்கக் கல்வித்துறை நடத்தும் இலவச விண்ணப்பம் இது. குடும்ப வருமானம், சேமிப்பு, குடும்பத்தில் எத்தனை பேர் என்ற விவரங்களை வாங்கிக்கொண்டு ஒரு சூத்திரத்தின்படி ஓர் எண்ணைக் கணக்கிடும். அந்த எண்ணுக்கு ஸ்டூடன்ட் எய்ட் இண்டெக்ஸ் என்று பெயர், சுருக்கமாக எஸ்.ஏ.ஐ. இந்த எண் குறையக் குறைய குடும்பத்தின் தேவை அதிகம் என்று பொருள். அது பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 1,500 வரைகூடப் போகும். 2024–25 கல்வியாண்டு முதல்தான் இந்தப் பெயரும் இப்போதைய சூத்திரமும் நடைமுறையில் இருக்கின்றன.

சிக்கல் அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்ளும் வருமானத்தில் இருக்கிறது. 2026 ஆகஸ்டில் கல்லூரியில் சேரும் மாணவருக்கு அது பார்ப்பது 2024ஆம் வருட வரிக் கணக்கை. நடப்பு வருட வருமானத்தையும் பார்ப்பதில்லை, போன வருடத்தையும் பார்ப்பதில்லை. அதற்கும் முந்தைய வருடம். 2017–18 கல்வியாண்டிலிருந்து இப்படித்தான். அதற்கு முன்பு ஒரு வருடம் மட்டும் பின்னால் பார்த்தார்கள். அப்போது பிள்ளைகள் விண்ணப்பிக்கும் நேரத்தில் பெற்றோர் அந்த வருட வரிக் கணக்கையே முடித்திருக்க மாட்டார்கள். உத்தேச எண்களைப் போட்டுவிட்டுப் பிறகு திருத்த வேண்டியிருந்தது. தாக்கல் செய்து முடித்த கணக்கையே பயன்படுத்தினால் தவறு குறையும், அக்டோபரிலேயே விண்ணப்பத்தைத் திறக்கலாம் என்பதற்காக மாற்றினார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது நல்ல மாற்றம்தான்.

ஆனால் 2026 ஜனவரியில் அப்பாவுக்கு வேலை போனால் என்ன ஆகும்? அந்த வருமான இழப்பு 2026 வரிக் கணக்கில்தான் தெரியும். 2026 வரிக் கணக்கைப் பயன்படுத்துவது 2028–29 கல்வியாண்டுக்கான ஃபாஃப்சா. அதாவது, பிள்ளை கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்குப் போகும்போதுதான் சூத்திரத்துக்கு விஷயம் தெரியவரும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் போய்விட்ட சம்பளத்தை வைத்தே கணக்கு. இந்த இடைவெளிக்காகத்தான் அப்பீல்.

## ரேஷன் கார்டில் திருத்தம் போல

ஊரில் ரேஷன் கார்டு எப்படி என்று நமக்குத் தெரியும். கார்டில் என்ன பதிவாகி இருக்கிறதோ அதன்படிதான் கடையில் பொருள். வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார், மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், குழந்தை பிறந்திருக்கிறது என்றால், கார்டு தானாக மாறாது. ஆதாரத்துடன் போய்த் திருத்தம் கேட்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் இருப்பவர் தலைக்கு இத்தனை கிலோ என்ற விதியை மாற்ற முடியாது. கார்டில் இருக்கும் பதிவைத்தான் திருத்த முடியும். பதிவு திருந்தினால் விதிப்படி உங்களுக்குச் சேர வேண்டிய அளவு மாறும். அன்றைக்குக் கடையில் சரக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

கல்லூரி நிதியுதவியிலும் இதே மூன்று படிகள். பதிவு பழையதாகி இருக்கலாம். அதைத் திருத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கிறது. திருத்திய பிறகு கிடைக்கப்போவது, கையிருப்பைப் பொறுத்தது. வாட்ஸ்அப் குழுக்களில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் "கிடைக்கும்" என்கிறார், இன்னொருவர் "கிடைக்காது" என்கிறார்.

## திருத்தும் அதிகாரம் யாரிடம்?

கல்லூரியின் நிதியுதவி அலுவலரிடம். 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தில் 479ஏ என்ற பிரிவு அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கிறது. ஒரு மாணவரின் சூழ்நிலையை ஆவணங்களுடன் பார்த்து, ஃபாஃப்சாவில் பதிவான விவரங்களைத் திருத்த அவருக்கு உரிமை உண்டு. இதற்கு ப்ரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட் என்று பெயர். நாம் பேச்சில் "அப்பீல்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கல்லூரி இணையதளங்களில் ஸ்பெஷல் சர்கம்ஸ்டன்சஸ் ரிக்வெஸ்ட், இன்கம் ரிடக்‌ஷன் அப்பீல் என்று பலவிதமாகப் பெயர் வைத்திருப்பார்கள். எல்லாம் ஒன்றே.

அவரால் செய்ய முடிந்தவை இரண்டு. சூத்திரத்துக்குள் போகும் விவரங்களை மாற்றலாம். உதாரணமாக 2024 வருமானம் இருக்கும் இடத்தில் 2026இல் எதிர்பார்க்கும் வருமானத்தை வைக்கலாம். அல்லது அந்தக் கல்லூரியில் ஒரு வருடம் படிக்க ஆகும் மொத்தச் செலவு என்று கணக்கிட்டிருப்பதை மாற்றலாம். இந்த மொத்தச் செலவைத்தான் காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ் என்கிறார்கள். கட்டணம், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அதில் அடக்கம். சூத்திரத்தை அவர் மாற்ற முடியாது, "இவர்களுக்கு எஸ்.ஏ.ஐ. இவ்வளவு இருக்கட்டும்" என்று நேரடியாக ஓர் எண்ணை எழுதவும் முடியாது.

கல்லூரிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. 2020 டிசம்பரில் நிறைவேறிய ஃபாஃப்சா எளிமைப்படுத்தும் சட்டத்துக்குப் பிறகு, "எங்கள் கல்லூரியில் அப்பீலே ஏற்பதில்லை" என்று ஒட்டுமொத்தமாக மறுக்கும் கொள்கை வைத்திருக்கக் கூடாது. இப்படிக் கேட்கலாம் என்பதைப் பொதுவில் அறிவித்திருக்க வேண்டும். இதற்காக மாணவரிடமோ பெற்றோரிடமோ கட்டணம் வாங்கவும் கூடாது. "அப்பீல் எழுதித் தருகிறேன், இத்தனை டாலர்" என்று வெளியில் சிலர் கேட்பதுண்டு. பணத்துக்கு நெருக்கடியான நேரத்தில் அந்தச் செலவு தேவையே இல்லை. படிவமும் இலவசம், அலுவலகத்தைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பதும் இலவசம்.

பொருளாதாரம் சரிந்த காலங்களில் கல்வித்துறையே இந்த அதிகாரத்தைக் கல்லூரிகளுக்கு நினைவூட்டியிருக்கிறது. 2009இல் வேலையின்மை ஏறிக்கொண்டிருந்தபோதும், கோவிட் காலத்தில் 2021 தொடக்கத்திலும், வேலை இழந்த குடும்பங்களுக்கு இதைப் பயன்படுத்துங்கள் என்று கல்லூரிகளுக்குக் கடிதம் போனது. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. நம் வீடுகளில் இந்தக் கூச்சம் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இது யாருடைய தயவும் இல்லை. பழையதாகிவிட்ட ஒரு பதிவைத் திருத்தச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஃபாஃப்சா இரண்டு வருடம் பின்னால் பார்த்து எஸ்.ஏ.ஐ. என்ற எண்ணைத் தருகிறது. நடுவில் வருமானம் மாறிவிட்டால் அந்த எண் உண்மையைச் சொல்லாது. கல்லூரி நிதியுதவி அலுவலர் ஆவணங்களைப் பார்த்து, எண்ணுக்கு அடிப்படையான விவரங்களைத் திருத்தலாம்.

## எவை ஏற்கத்தக்க காரணங்கள்?

சட்டமே சில உதாரணங்களைச் சொல்கிறது: வேலை, வருமானம் அல்லது சொத்தில் மாற்றம், வீடு இழந்து நிற்பது, காப்பீடு கொடுக்காத மருத்துவ, பல் மருத்துவ, முதியோர் பராமரிப்புச் செலவு, குழந்தைப் பராமரிப்புச் செலவு, குடும்பத்தில் ஒருவருக்குக் கடுமையான உடற்குறைபாடு, தம்பி தங்கையின் பள்ளிக் கட்டணம், ஒரே நேரத்தில் இன்னொரு பிள்ளையும் கல்லூரியில் இருப்பது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். முன்பு வீட்டில் இரண்டு பேர் கல்லூரியில் படித்தால் சூத்திரமே பெற்றோர் பங்கைப் பிரித்துவிடும். 2024–25 முதல் அது கிடையாது. அக்காவும் தம்பியும் ஒன்றாகப் படிக்கிற வீடுகளுக்கு இது பெரிய அடி. இப்போது அதைக் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

பெற்றோர் ஒருவரின் மரணம், மணமுறிவு ஆகியவையும் ஏற்கப்படும். நம்மவர்களில் பலர் தவறவிடும் ஒரு காரணம், ஒரே முறை வந்த வருமானம். 2024இல் கம்பெனிப் பங்குகள் கைக்கு வந்ததால் அந்த ஒரு வருடம் டபிள்யூ-2 படிவத்தில், அதாவது நிறுவனம் தரும் வருடச் சம்பளச் சான்றில், தொகை வீங்கியிருக்கலாம். அவசர மருத்துவச் செலவுக்காக 401கே ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து பணம் எடுத்திருக்கலாம். சம்பளம் குறையாவிட்டாலும், "அந்த வருடத்துத் தொகை எங்கள் வழக்கமான வருமானம் இல்லை" என்று ஆதாரத்துடன் காட்டலாம்.

ஏற்காதவையும் உண்டு. கிரெடிட் கார்டு கடன், கார் தவணை, மின்கட்டணம், விடுமுறைப் பயணம் போன்ற வழக்கமான வாழ்க்கைச் செலவுகளுக்காக எண்ணைத் திருத்துவது சரியில்லை என்று கல்வித்துறையின் கையேடே சொல்கிறது. கல்யாணச் செலவும் அந்த வரிசையில்தான் சேரும். இவற்றைக் கடிதத்தில் எழுதினால் நல்ல காரணத்தின் பலமும் குறைந்துபோகும்.

இன்னொன்று, அடிக்கடி குழப்பிக்கொள்வது. பெற்றோரின் விவரமே இல்லாமல் மாணவரைத் தனித்துக் கணக்கிடச் சொல்வது வேறு வகை. வீட்டில் கொடுமை, கைவிடப்படுதல் போன்ற நிலைகளுக்கானது அது. "அப்பா பணம் தர மாட்டேன் என்கிறார்" என்பது மட்டும் அதற்குப் போதாது. 24 வயதுக்குக் கீழான பெரும்பாலான மாணவர்களுக்குப் பெற்றோர் விவரம் கட்டாயம்.

## எண்களில் ஒரு வீடு

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். நியூ ஜெர்சியில் பெற்றோர், இரண்டு பிள்ளைகள். 2024இல் அப்பா 1,30,000 டாலர், அம்மா 38,000 டாலர், மொத்தம் 1,68,000. சேமிப்பு எதுவும் பெரிதாக இல்லை என்று வைத்துக்கொள்வோம். வரிகளையும் குடும்பச் செலவுக்கென்று சூத்திரம் விட்டுக்கொடுக்கும் தொகையையும் கழித்தால் எஸ்.ஏ.ஐ. தோராயமாக 32,000 வரும். மகள் சேரப்போகும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடச் செலவு 34,000. செலவிலிருந்து எஸ்.ஏ.ஐ.யைக் கழித்தால் வருவதுதான் தேவை. ஆக, இவர்களுக்குத் தேவை வெறும் 2,000 டாலர்தான் என்று கணக்கு சொல்லும்.

2026 ஜனவரிக் கடைசியில் அப்பாவுக்கு வேலை போகிறது. அவருடைய ஒரு மாதச் சம்பளம், நிறுவனம் கடைசியாகக் கொடுத்த இழப்பீடு, வேலையின்மை உதவித்தொகை, அம்மா சம்பளம் எல்லாம் சேர்ந்து இந்த வருட வருமானம் 78,000 என்று வைப்போம். அதே சூத்திரத்தில் இந்த எண்ணைப் போட்டால் எஸ்.ஏ.ஐ. ஏறத்தாழ 4,000க்கு இறங்கிவிடும். வருமானம் பாதிக்குச் சற்று மேலாகத்தான் குறைந்தது, எஸ்.ஏ.ஐ. எட்டில் ஒரு பங்காகிவிட்டது. பெற்றோர் கையில் மிஞ்சும் வருமானத்தில் முதல் பகுதிக்கு 22 சதவீதமும், மேலே போகப்போக 47 சதவீதம் வரையும் சூத்திரம் எடுத்துக்கொள்வதால் இப்படி நடக்கிறது. சம்பளம் சரியும்போது முதலில் போவது அந்த 47 சதவீதப் பகுதிதான்.

இப்போது என்ன கிடைக்கும்? பெல் கிராண்ட் என்பது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவி. 2025–26இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். அதிலிருந்து எஸ்.ஏ.ஐ.யைக் கழித்தால், இந்த மாணவிக்கு 3,400 டாலர் போலக் கிடைக்கும். முன்பு பூஜ்யம். படிக்கும் காலத்தில் வட்டியை அரசே ஏற்கும் கடன், முதலாண்டு மாணவருக்கு 3,500 டாலர் வரை உண்டு. முன்பு அதில் 2,000க்குத்தான் இடம் இருந்தது, இப்போது முழுவதும் வாங்கலாம். இந்த இரண்டையும் கழித்தாலும், கணக்குப்படி இவர்களுக்கு இன்னும் 23,000 டாலருக்கு மேல் தேவை இருக்கிறது. அதை யார் கொடுப்பது?

## கடையில் சரக்கு இருக்கிறதா

எண்ணைத் திருத்துவது ஒன்று, பணம் வருவது இன்னொன்று என்று மேலே சொன்னேன். பெல் கிராண்ட் மத்திய அரசுப் பணம். எண் திருந்தினால் தகுதிப்படி வந்தே தீரும். மாநில அரசு உதவிகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, கடைசித் தேதியும் வேறு. மீதி, கல்லூரியின் சொந்தப் பணம். வேறுபாடு முழுவதும் அங்கேதான்.

சில தனியார் கல்லூரிகள், மாணவரின் தேவை எவ்வளவோ அவ்வளவையும் நிரப்புவோம் என்று வாக்குறுதி தருகின்றன. அங்கே எண் 28,000 குறைந்தால் உதவித்தொகை ஏறத்தாழ அதே அளவு கூடும். அப்படிப்பட்ட கல்லூரிகள் பல, ஃபாஃப்சாவுடன் காலேஜ் போர்டு நடத்தும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற இன்னொரு விரிவான விண்ணப்பத்தையும் கேட்கும். பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்கள் அப்படி வாக்குறுதி தருவதில்லை. எண் எவ்வளவு இறங்கினாலும் கையிருப்பில் உள்ளதைத்தான் தர முடியும். ஏப்ரலில் இருந்த பணம் ஜூலையில் இருக்காது. என்னைக் கேட்டால், கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போதே, அதாவது வேலை நிச்சயமாக இருக்கும்போதே, இந்த வேறுபாட்டைப் பார்த்து வைப்பது நல்லது.

திருத்திய எய்ட் லெட்டர் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வரியும் கிராண்டா, கடனா என்று பாருங்கள். பேரன்ட் ப்ளஸ் என்று ஒரு வரி இருந்தால் அது பெற்றோர் பெயரில் வாங்கும் கடன். உதவி என்ற தலைப்பின் கீழேயே அதையும் அச்சடித்திருப்பார்கள். அலுவலர் மொத்தச் செலவுக் கணக்கை மட்டும் உயர்த்தியிருந்தால், பல நேரங்களில் கூடுவது கடன் வாங்கும் வரம்பு மட்டுமே. வேலை இல்லாத வீட்டுக்கு அது உதவியா, சுமையா என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: திருத்திய எண் அரசுப் பணத்துக்கு நேரடியாகச் செல்லும். கல்லூரிப் பணத்துக்கு அது ஒரு தகுதி மட்டுமே. ஒரே ஆவணங்களுக்கு ஒரு கல்லூரி 20,000 டாலர் கூட்டும், இன்னொன்று 3,000 கூட்டும். இரண்டும் விதிப்படிதான் நடக்கின்றன.

## கேட்கும் முறை

முதலில் ஃபாஃப்சாவை உள்ளபடி நிரப்புங்கள். 2024 வருமானம் என்று கேட்டால் 2024 வருமானம்தான். வேலை போய்விட்டதே என்று அங்கே இன்றைய சம்பளத்தை நுழைக்க முயலக் கூடாது. வரித்துறையிடமிருந்து விவரம் நேரடியாகவே வந்துவிடும். ஃபாஃப்சாவுக்குள் உங்கள் கதையைச் சொல்ல இடம் கிடையாது. அதைச் சொல்ல வேண்டிய இடம் கல்லூரி அலுவலகம்.

அடுத்து, ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றின் முடிவு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. அவர்களுடைய படிவத்தை வாங்கி நிரப்ப வேண்டும். மாணவர் பெயரில் சரிபார்ப்பு நிலுவையில் இருந்தால், அதாவது வெரிஃபிகேஷன் கேட்டிருந்தால், அதை முடித்த பிறகுதான் அலுவலர் அப்பீலைத் தொட முடியும். பல நாட்கள் பதிலே வராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வீடுகளில் அப்பாவோ அம்மாவோதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வோம். இங்கே விண்ணப்பதாரர் மாணவர். மாணவரின் கல்வி விவரங்களுக்கான தனியுரிமைச் சட்டத்தைக் காட்டி, அவர் அனுமதி இல்லாமல் பெற்றோரிடம் அலுவலகம் பேச மறுக்கலாம். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மின்னஞ்சலில் பிள்ளையின் மாணவர் எண் இருக்கட்டும். வீட்டு நிலைமையைப் பிள்ளையிடம் மறைத்துவிட்டு இதைச் செய்ய முடியாது. 17, 18 வயதுப் பிள்ளைக்கு அது தெரிவது நல்லதும்கூட.

ஆவணங்கள் காரணத்தைப் பொறுத்தவை. வேலை இழப்பு என்றால் நிறுவனம் கொடுத்த பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, இழப்பீட்டுத் தொகை விவரம், வேலையின்மை உதவித்தொகை வாங்கினால் அந்தக் கடிதம், அடுத்த 12 மாதங்களில் எதிர்பார்க்கும் வருமானக் கணக்கு. மரணம் என்றால் இறப்புச் சான்றிதழ். மணமுறிவு என்றால் நீதிமன்ற ஆணை அல்லது தனித்தனி முகவரிக்கான ஆதாரம். மருத்துவம் என்றால், காப்பீடு போக உங்கள் கையிலிருந்து கட்டிய ரசீதுகள்; மொத்த பில்லை மட்டும் அனுப்பினால் போதாது.

கடிதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலான அப்பீல்கள் தடுமாறுவது அங்கேதான். "எங்கள் மகள் சிறு வயதிலிருந்தே உங்கள் கல்லூரியில் சேரக் கனவு கண்டவள். வகுப்பில் எப்போதும் முதலிடம். குடும்பம் மிகவும் கஷ்டத்தில் இருக்கிறது. தயவுசெய்து உதவுங்கள்." இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அலுவலர் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, திருத்துவதற்கு ஓர் எண்கூட இதில் இல்லை.

அதே வீட்டுக் கடிதம் இப்படிப் போகலாம். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதைத் தமிழில் சொல்கிறேன். "2024இல் எங்கள் குடும்ப வருமானம் 1,68,000 டாலர். 2026 ஜனவரி 30 அன்று என் தந்தை பணிநீக்கம் செய்யப்பட்டார். கடிதம் இணைப்பு 1. 2026இல் எங்கள் எதிர்பார்க்கும் வருமானம் 78,000 டாலர்; அதன் விவரம் இணைப்பு 2, ஆதாரங்கள் இணைப்பு 3 முதல் 6 வரை. இழப்பீடாக ஒரே முறை வந்த தொகையும் இதில் அடக்கம். 2024 வருமானத்துக்குப் பதில் 2026 எதிர்பார்ப்பு வருமானத்தைக் கொண்டு எங்கள் தகுதியை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்." ஒரு பக்கத்துக்குள் முடித்து, நன்றி சொல்லி நிறுத்துங்கள். என்ன மாறியது, எப்போது மாறியது, எவ்வளவு மாறியது, எதைத் திருத்த வேண்டும் என்ற நான்குக்கும் இதில் பதில் இருக்கிறது. இழப்பீட்டை நீங்களே சொல்லிவிடுவது முக்கியம். கோப்பைத் திறந்து பார்க்கும்போது ஒன்றுக்கொன்று முரணான தகவல் தெரிந்தால் அதைத் தீர்க்காமல் அவர்கள் மேலே போக முடியாது. ஊரில் வாங்கிப்போட்ட மனை, வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட் ஆகியவையும் ஃபாஃப்சாவில் சொத்தாகச் சொல்ல வேண்டியவைதான். வெளிநாட்டில் இருப்பதால் விலக்கு இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, கல்லூரியில் சேர்வதை உறுதிசெய்யும் மே 1க்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. வேலை அக்டோபரில் போனால் அக்டோபரிலும் கேட்கலாம். கல்வியாண்டின் நடுவில் கேட்பதற்குத் தடை இல்லை. வேலை போன மறு வாரமே கேட்டால், புது வேலை கிடைக்கிறதா பார்த்துவிட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லும் அலுவலகங்களும் உண்டு. அப்படிச் சொன்னால் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு மறுபடியும் போங்கள்.

வேறொரு கல்லூரி கூடுதலாகக் கொடுத்த கடிதத்தைக் காட்டி, நீங்களும் கூட்ட முடியுமா என்று கேட்பதையும் அப்பீல் என்றே சொல்கிறார்கள். சில கல்லூரிகள் அதையும் பரிசீலிக்கும். ஆனால் அது கல்லூரியின் விருப்பம். 479ஏ பிரிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வருமானம் குறைந்ததற்கான கடிதத்தில் அந்தப் பேச்சைக் கலக்காமல் இருப்பதே நல்லது.

## எச்-1பி, எச்-4 வீடுகளுக்கு

"நாங்கள் விசாவில் இருக்கிறோம், எங்களுக்கு ஃபாஃப்சா கிடையாது" என்று சொல்கிற பெற்றோர் பலர். ஃபாஃப்சா பார்ப்பது மாணவரின் குடியுரிமையை. பிள்ளை அமெரிக்காவில் பிறந்த குடிமகன் என்றால், பெற்றோர் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தாலும் பிள்ளைக்கு முழுத் தகுதி உண்டு. கிரீன் கார்டு உள்ள பிள்ளைக்கும் உண்டு. எச்-1பியில் வேலை போனால் அந்த வீட்டுக்கு நெருக்கடி இரட்டிப்பு. அந்தப் பதற்றத்தில் பிள்ளைக்கு உரிய ஒரு வழி கண்ணில் படாமல் போவதைப் பார்க்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இந்தியாவில் பிறந்து, எச்-1பி பெற்றோரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசு உதவி கிடையாது. ஆகவே திருத்த ஃபாஃப்சா எண்ணும் இல்லை. அவர்களுக்குக் கல்லூரியின் சொந்தப் பணம் மட்டுமே வழி. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மவுத், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில் குடியுரிமை பார்க்காமல் முழுத் தேவையையும் நிரப்புகிறார்கள். மற்ற கல்லூரிகளில், சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்க முடியாது என்ற விதி இருக்கக்கூடும். விண்ணப்பிக்கும் முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு மாதாமாதம் அனுப்பும் பணம், அவர்களுடைய ஆஸ்பத்திரிச் செலவு ஆகியவற்றைப் பற்றியும் கேட்பார்கள். அவர்கள் உங்களுடன் வசிக்காததால் ஃபாஃப்சாவின் குடும்ப எண்ணிக்கையில் வர மாட்டார்கள். அப்பீல் கடிதத்தில் குறிப்பிடலாம். வங்கிவழி அனுப்பிய ரசீதும், மருத்துவமனை பில்லின் ஆங்கில வடிவமும் வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அலுவலரின் தீர்ப்பு.

## மறுத்துவிட்டால்

ப்ரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட்டில் கல்லூரி எடுக்கும் முடிவே இறுதி. கல்வித்துறையிடம் மேல்முறையீடு செய்ய முடியாது. ஆனால் எதற்காக மறுத்தார்கள் என்று கேட்கலாம். ஆவணம் போதவில்லை என்றால் சேர்த்து மீண்டும் அனுப்பலாம். சில கல்லூரிகளில் குழு ஒன்று மறுபடியும் பார்க்கும். நிலைமை மேலும் மாறினால், உதாரணமாக வேலையின்மை உதவித்தொகை நின்றுபோனால், அது புதிய காரணம். கட்டணத்தை மாதத் தவணையாகக் கட்டலாமா, அவசரகால நிதி இருக்கிறதா என்றும் அதே அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஒரு வருடம் கம்யூனிட்டி காலேஜில், அதாவது கட்டணம் குறைவான உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில், படித்துவிட்டு மாறுவதையும் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை.

ஏற்றுக்கொண்டால், அந்தத் திருத்தம் அந்த ஒரு கல்வியாண்டுக்கு மட்டும். அடுத்த வருட ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். அது 2025 வருமானத்தைப் பார்க்கும், அப்போது அப்பா வேலையில்தான் இருந்தார். ஆகவே அடுத்த வருடமும் கேட்க வேண்டும். முதல் தடவை அனுப்பிய கடிதம், இணைப்புகள், அலுவலரின் பதில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால் அப்போது தேதிகளையும் புதிய வருமானக் கணக்கையும் மாற்றினால் போதும்.